வானம் மூடுவதற்கு முன்னால்

1990 ஆகஸ்ட் 1ஆம் தேதி மாலை லண்டன் ஹீத்ரோவிலிருந்து பிரிட்டிஷ் ஏர்வேஸின் 149ஆம் எண் விமானம் கிளம்பியது. குவைத்தில் இறங்கி, மெட்ராஸ் வந்து, அங்கிருந்து கோலாலம்பூர் போக வேண்டிய விமானம். 367 பயணிகள், 18 ஊழியர்கள். கிளம்பும்போதே சுமார் இரண்டு மணி நேரத் தாமதம். ஆகஸ்ட் 2 அதிகாலை அது குவைத்தில் தரையிறங்கியபோது இராக் படைகள் எல்லையைத் தாண்டி உள்ளே வந்துகொண்டிருந்தன. சற்று நேரத்தில் விமான நிலையமும் தாக்கப்பட்டது. அந்த விமானம் மறுபடி பறக்கவே இல்லை. அதில் வந்த பிரிட்டிஷ்காரர்கள் உள்ளிட்ட பலர் மாதக்கணக்கில் பிணைக்கைதிகளாக இருந்தார்கள். தாக்குதல் வராமலிருக்க அவர்களை இராக்கின் முக்கிய இடங்களில் மனிதக் கேடயங்களாக வைத்தார்கள். அவர்களில் பெரும்பாலோருக்குக் குவைத்தில் எந்த வேலையும் கிடையாது. ஒரு மணி நேரம் நின்று போகிற இடம், அவ்வளவுதான்.

இதில் என்னை அதிகம் உறுத்துவது 2021 நவம்பரில் வெளிவந்த செய்தி. இராக் படை எல்லையைக் கடந்துவிட்டது என்று குவைத்திலிருந்த பிரிட்டிஷ் தூதர் விமானம் இறங்கும் முன்பே லண்டனுக்குச் சொல்லியிருந்தார். அந்தத் தகவல் விமான நிறுவனத்திடம் போய்ச் சேரவில்லை. இதை பிரிட்டிஷ் அரசே முப்பத்தோரு ஆண்டுகள் கழித்து ஒப்புக்கொண்டது.

போர்ப் பதற்றக் காலத்தில் வெளிநாட்டுக்குப் போகிறவர்களுக்கு அறிவுரை சொல்லும் குறிப்புகள் ஏராளம். தூதரக எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், கூட்டமான இடங்களைத் தவிருங்கள், செய்திகளைக் கவனியுங்கள் என்பார்கள். தவறில்லை. ஆனால் அவை தொடாத ஒரு விஷயம் இருக்கிறது. கடந்த முப்பத்தைந்து ஆண்டுகளில் குவைத், லெபனான், லிபியா, ஏமன், உக்ரைன், சூடான், ஈரான் என்று எந்த நாட்டை எடுத்தாலும், வெளிநாட்டவர்களில் குண்டடி பட்டவர்களைவிட வெளியேற வழியில்லாமல் சிக்கிக்கொண்டவர்கள்தான் மிகப் பெரும்பாலோர். வழி ஒவ்வொன்றாக அடைபட்டது. முதலில் வான்வழி, பிறகு பணம், பிறகு தொலைபேசி, சில இடங்களில் சாலை. பாதுகாப்பு என்பது பெரும்பாலும் இந்த வழிகள் திறந்திருக்கும்போதே எடுக்கிற முடிவுதான்.

வான்வழியை யார் மூடுகிறார்கள்?

ஒரு நாட்டின் வான்வெளியை மூடும் அதிகாரம் அந்த நாட்டுக்கே உண்டு. விமானிகளுக்கான அறிவிப்பாக அது உலகம் முழுக்கப் போகும். அந்த நாடு மூடாவிட்டாலும், தங்கள் விமானங்கள் அந்தப் பக்கம் போகக்கூடாது என்று மற்ற நாடுகளின் விமானப் போக்குவரத்து ஆணையங்கள் தடுக்கலாம். இரண்டும் நடக்காவிட்டாலும், விமான நிறுவனம் தானே முடிவெடுத்துச் சுற்றிப் போகலாம். மூன்று கதவுகள் இருப்பதால் மூன்றில் ஒன்றாவது சரியான நேரத்தில் மூடிவிடும் என்று நாம் நம்புகிறோம். எப்போதும் அப்படி நடப்பதில்லை.

2014 ஜூலை 17 அன்று கிழக்கு உக்ரைனில் 32,000 அடி வரை வான்வெளி மூடப்பட்டிருந்தது. ஆம்ஸ்டர்டாமிலிருந்து கோலாலம்பூர் போன மலேசியா ஏர்லைன்ஸ் எம்எச்17 விமானம் 33,000 அடியில் பறந்தது. விதிப்படி எந்தத் தப்பும் இல்லை. ஏவுகணை தாக்கி 298 பேர் இறந்தார்கள். அன்று வான்வெளி முழுவதுமாக மூடப்படும் வரை 160 பயணிகள் விமானங்கள் அந்தப் பகுதிக்கு மேல் பறந்திருந்தன என்று டச்சுப் பாதுகாப்பு வாரியம் பின்னர் கணக்கிட்டது. 2020 ஜனவரி 8 அன்று இராக்கிலிருந்த அமெரிக்கத் தளங்கள் மீது ஈரான் ஏவுகணை வீசிய சில மணி நேரத்தில், டெஹ்ரான் விமான நிலையம் வழக்கம்போல் திறந்திருந்தது. அங்கிருந்து மேலெழுந்த உக்ரைன் விமானத்தை ஈரானின் சொந்தப் பாதுகாப்புப் படையே சுட்டு வீழ்த்தியது. 176 பேர் இறந்தார்கள்.

ஆக, விமானம் ஓடுகிறது என்பதை மட்டும் வைத்து ஆபத்தில்லை என்று முடிவு கட்ட முடியாது. யார் ஓட்டுவதை நிறுத்தினார்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டும். 2022 பிப்ரவரி 12ஆம் தேதியே டச்சு நிறுவனமான கேஎல்எம் உக்ரைனுக்குப் பறப்பதை நிறுத்திவிட்டது. எம்எச்17இல் இறந்தவர்களில் பெரும்பாலோர் நெதர்லாந்துக்காரர்கள் என்பதை நினைவில் வைத்தால் அந்த முடிவின் கனம் புரியும். ஜெர்மனியின் லுஃப்தான்சா 21ஆம் தேதி முதல் நிறுத்தியது. போர் வெடித்தது 24ஆம் தேதி. பன்னிரண்டு நாள் முன்கூட்டியே ஒரு பெரிய நிறுவனம் லாபத்தை விட்டுவிட்டு விலகியிருக்கிறது. எந்த வல்லுநரின் தொலைக்காட்சிப் பேச்சையும்விட எனக்கு இது நம்பகமான அறிகுறி. போகப்போகும் ஊருக்கு எந்த நிறுவனங்கள் சேவையை நிறுத்தியிருக்கின்றன, எவை சுற்றிப் போகின்றன என்பதை விமானங்களைக் காட்டும் இணைய வரைபடங்களில் யாரும் பார்த்துக்கொள்ளலாம். காசு செலவில்லை.

நம்மவர்களுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. சென்னை, திருச்சி, மதுரை, கொழும்பு எங்கிருந்து ஐரோப்பாவுக்கோ அமெரிக்காவுக்கோ கிளம்பினாலும் பலர் துபாய், தோஹா, அபுதாபி வழியாகத்தான் போகிறார்கள். டிக்கெட் விலை குறைவு, சாமான் எடை கூடுதல். 2025 ஜூன் 23 மாலை கத்தார் தன் வான்வெளியை மூடியது. சற்று நேரத்தில் அங்கிருந்த அல் உதெய்த் என்ற அமெரிக்க விமானத் தளத்தின் மீது ஈரான் ஏவுகணைகளை வீசியது. பக்கத்து நாடுகளும் கொஞ்ச நேரம் மூடின. தோஹாவுக்கு வந்துகொண்டிருந்த 90க்கும் மேற்பட்ட விமானங்கள், அவற்றிலிருந்த சுமார் 20,000 பயணிகளோடு வேறு ஊர்களுக்குத் திருப்பி விடப்பட்டன. நள்ளிரவு தாண்டியதும் வான்வெளி திறந்துவிட்டது. குழப்பம் தீர நாட்கள் ஆயின. மான்செஸ்டரிலிருந்து சென்னைக்கு வந்துகொண்டிருந்த ஒருவர் தன்னை வளைகுடாப் பயணி என்று நினைத்திருக்கவே மாட்டார்.

இடையில் இறங்கி ஏறுகிற ஊரையும் நாம் போகிற நாடுகளின் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பது இதிலிருந்து வருகிறது. பதற்றம் உள்ள பகுதியைத் தவிர்த்து வேறு வழியாகப் போக முடியுமானால், டிக்கெட் விலை கூடினாலும் அதைத்தான் எடுக்கச் சொல்வேன். முடியாதென்றால், முழுப் பயணமும் ஒரே டிக்கெட்டில் இருப்பது முக்கியம். இரண்டு நிறுவனங்களில் தனித்தனியாக, மலிவாக வாங்கிய இரண்டு டிக்கெட் என்றால், முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிடும்போது யாருக்கும் பொறுப்பில்லை. ஒரே டிக்கெட் என்றால் கடைசி ஊர் வரை கொண்டு சேர்ப்பது அவர்கள் பாடு. மாற்றிவிடும் ஊரில் விசா இல்லாமல் வெளியே வர முடியுமா என்பதையும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள். முடியாதென்றால் ஹோட்டல் அறை கொடுத்தாலும் விமான நிலைய நாற்காலியில்தான் தூக்கம். தினம் போட வேண்டிய மாத்திரை, குழந்தைக்கு வேண்டியவை, போன் சார்ஜர் எல்லாம் கைப்பையில் இருக்கட்டும், மூன்று நாளைக்காவது.

ஒரு அறிவிப்பை எப்படிப் படிப்பது

அமெரிக்கா பயண எச்சரிக்கையை 1 முதல் 4 வரை எண் போட்டுச் சொல்கிறது. ஆஸ்திரேலியாவும் நான்கு படி வைத்திருக்கிறது. இந்திய வெளியுறவு அமைச்சகமும் தூதரகங்களும் எண் போடுவதில்லை, வாக்கியங்களில் சொல்கின்றன. அந்த வாக்கியங்களின் சூடு ஏறுவதைக் கவனிக்கத் தெரிய வேண்டும். இதற்கு உக்ரைனைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

2022 பிப்ரவரி 15 அன்று கீவிலிருந்த இந்தியத் தூதரகம், தங்குவது அவசியமில்லாத இந்தியர்கள், குறிப்பாக மாணவர்கள், தற்காலிகமாக வெளியேறுவது பற்றி யோசிக்கலாம் என்றது. மென்மையான சொற்கள். 20ஆம் தேதி, கிடைக்கிற விமானங்களில் ஏறிக்கொள்ளுங்கள் என்றது. 22ஆம் தேதி அறிவிப்பு வேறு மாதிரி இருந்தது: ஆன்லைன் வகுப்பு நடக்குமா என்று பல்கலைக்கழகம் உறுதி சொல்லும்வரை காத்திருக்காமல், உங்கள் பாதுகாப்புக் கருதிக் கிளம்புங்கள். ஏழே நாளில் 'யோசிக்கலாம்' என்பது 'காத்திருக்க வேண்டாம்' ஆகிவிட்டது. 24ஆம் தேதி காலை, மாணவர்களை ஏற்றிவரக் கிளம்பிய ஏர் இந்தியா விமானம் உக்ரைன் வான்வெளி மூடப்பட்டதால் பாதி வழியில் டெல்லிக்குத் திரும்பியது.

அந்த 22ஆம் தேதி வாக்கியத்தில் ஒரு முழுச் சோகமும் இருக்கிறது. மாணவர்கள் ஏன் போகவில்லை என்பதைத் தூதரகமே அறிந்திருந்தது. பெரும்பாலோர் மருத்துவம் படித்தவர்கள். வருகைப் பதிவு குறைந்தால் ஒரு ஆண்டு போய்விடும். வீட்டில் நகையை அடகு வைத்து, நிலத்தை விற்று அனுப்பியிருப்பார்கள். பல்கலைக்கழகம் 'ஒன்றும் ஆகாது, வகுப்புக்கு வா' என்கிறது. சுற்றிலும் இருக்கிற உக்ரைன்காரர்களே நிதானமாகக் கடை கண்ணிக்குப் போய்வருகிறார்கள். இந்த நிலையில் இருபது வயதுப் பிள்ளை ஒன்று தனியாக முடிவெடுத்து விமானம் ஏற வேண்டும். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்த முடிவை அவர்களுக்குச் சுலபமாக்கியிருக்கக் கூடியவர்கள் வீட்டிலிருந்த பெரியவர்கள்தான். 'வகுப்பு போனால் போகட்டும், நீ வந்துவிடு' என்று ஒரு அப்பாவோ அம்மாவோ சொல்லியிருந்தால், அந்தப் பிள்ளை நம்பி டிக்கெட் போட்டிருக்கும்.

தங்கிவிட்டவர்களுக்கு நடந்தது உலகத்துக்கே தெரியும். மார்ச் 1 அன்று கார்கிவில் சாப்பாடு வாங்க வெளியே வந்த கர்நாடக மாணவர் ஒருவர் குண்டுவீச்சில் இறந்தார். மறுநாள் தூதரகம் கார்கிவிலிருந்த இந்தியர்களை, வண்டி கிடைக்காவிட்டால் நடந்தே, மாலை 6 மணிக்குள் பக்கத்து ஊர்களான பெசோச்சின், பாபாயே, பெஸ்லியுடோவ்காவுக்குப் போய்ச் சேரச் சொன்னது. பத்து, பதினைந்து கிலோமீட்டர், உறைபனியில். சுமி நகரில் மாட்டிக்கொண்டவர்கள் மார்ச் 8 வரை பதுங்கறைகளில் பனியை உருக்கித் தண்ணீர் குடித்தார்கள். இந்திய அரசின் மீட்புப் பணியான 'ஆபரேஷன் கங்கா' 90 விமானங்களில் மக்களைக் கொண்டு வந்தது. மொத்தம் சுமார் 22,500 இந்தியர்கள் திரும்பினார்கள். பெரிய சாதனைதான். ஆனால் கீவிலிருந்து ஒரு விமானத்தில் முடிந்திருக்க வேண்டிய பயணம், ரயில், நடை, எல்லையில் இரண்டு நாள் நிற்பு, பிறகு போலந்து அல்லது ருமேனியாவிலிருந்து விமானம் என்றாகிவிட்டது.

சீக்கிரம் கிளம்பி, பிறகு ஒன்றுமே நடக்காமல் போனால் நஷ்டம் ஒரு டிக்கெட் பணமும் கொஞ்சம் கேலியும். தாமதித்தால் வரும் நஷ்டத்துக்கு வரம்பே கிடையாது. இந்தக் கணக்கைப் பதற்றம் வருமுன் போட்டு வைத்துக்கொண்டால் பதற்றத்தில் மனசு அலைபாயாது. 'தூதரகம் தன் ஊழியர் குடும்பங்களை அனுப்பிவிட்டால் நானும் கிளம்புவேன்', 'இரண்டு விமான நிறுவனங்கள் நிறுத்தினால் கிளம்புவேன்' என்று முன்பே ஒரு கோடு போட்டுக்கொள்வது நல்லது.

பக்கத்து நாடு எது?

விமானம் நின்றுவிட்டால் மிச்சமிருப்பது சாலையும் கடலும். அப்போது நாம் இருக்கிற நாட்டைவிட அதன் பக்கத்து நாடு முக்கியமாகிவிடும்.

1990இல் குவைத்திலிருந்த 1,70,000க்கும் மேற்பட்ட இந்தியர்கள் திரும்பியது ஜோர்டான் வழியாக. குவைத்திலிருந்து பாஸ்ரா, பாக்தாத் என்று பாலைவனத்தில் பேருந்தில் வந்து அம்மான் சேர்ந்தார்கள். அங்கிருந்து ஏர் இந்தியா ஏறக்குறைய இரண்டு மாதம் நிற்காமல் பறந்தது. 2023 ஏப்ரலில் சூடானில் சண்டை தொடங்கிய முதல் நாளே கார்ட்டூம் விமான நிலையம் போர்க்களமானது. இந்தியர்கள் சுமார் 850 கிலோமீட்டர் பேருந்தில் போர்ட் சூடான் துறைமுகத்துக்குப் போய், கடற்படைக் கப்பலிலும் விமானப்படை விமானத்திலும் ஜெட்டா சேர்ந்து ஊர் வந்தார்கள். 'ஆபரேஷன் காவேரி' என்ற பெயரில் அப்படி வந்தவர்கள் 3,862 பேர்.

2025 ஜூன் 13 அன்று இஸ்ரேல் ஈரானைத் தாக்கியபோது ஈரானில் சுமார் 10,000 இந்தியர்கள். வான்வெளி உடனே மூடப்பட்டது. உருமியா மருத்துவப் பல்கலைக்கழக மாணவர்கள் 110 பேர் முதலில் வெளியேறினார்கள். அவர்கள் ஊர் வடமேற்கு மூலையில், ஆர்மேனிய எல்லைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்ததுதான் காரணம். சாலை வழியே ஆர்மேனியா, யெரெவானிலிருந்து விமானம், 19ஆம் தேதி அதிகாலை டெல்லி. டெஹ்ரானில் இருந்தவர்கள் முதலில் கோம், பிறகு கிழக்கே மஷாத் என்று ஆயிரம் கிலோமீட்டர் வரை நகர வேண்டியிருந்தது. இந்தியர்களுக்காக ஈரான் தன் வான்வெளியைத் தனியாகத் திறந்துவிட்டது. சிலர் துர்க்மெனிஸ்தான் வழியாக வந்தார்கள். இஸ்ரேலில் இருந்தவர்கள் ஜோர்டானுக்கும் எகிப்துக்கும் தரைவழியே கடந்தார்கள். 'ஆபரேஷன் சிந்து' மொத்தம் 4,415 பேரைக் கொண்டு வந்தது. அவர்களில் நேபாளிகளும் நான்கு இலங்கையரும் உண்டு. 2006இல் லெபனானிலிருந்து வந்த இந்தியக் கடற்படைக் கப்பல்களிலும் இலங்கையரும் நேபாளிகளும் இருந்தார்கள். அண்டை நாட்டுக்காரரும் ஏற இடம் கேட்கலாம் என்பது இலங்கை வாசகர்கள் அறிந்து வைத்துக்கொள்ள வேண்டிய செய்தி.

வரைபடத்தைப் பார்த்து மூன்று விஷயங்களைத் தெரிந்துகொண்டால் போதும். தங்கியிருக்கும் ஊரிலிருந்து மிக அருகிலுள்ள நட்பான எல்லை எது, அங்கே நம் பாஸ்போர்ட்டுக்கு விசா வேண்டுமா, அந்தச் சாலையில் பேருந்தோ ரயிலோ ஓடுகிறதா. போர்க்காலத்தில் அரசுகள் பேசி விசாவைத் தளர்த்துவதுண்டு. உக்ரைனிலிருந்து வந்த இந்தியர்களைப் போலந்து விசா இல்லாமல் அனுமதித்தது. அப்படித் தளர்த்தும்வரை எல்லையில் காத்திருக்க நேரும் என்பதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

பாஸ்போர்ட் யார் கையில்?

சூடானில் நடந்த ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. விசாவுக்காகப் பாஸ்போர்ட்டை மேற்கத்தியத் தூதரகங்களில் கொடுத்துவிட்டுக் காத்திருந்த சூடானியர் பலர் இருந்தார்கள். சண்டை வந்ததும் தூதரகக்காரர்கள் அவசரமாக வெளியேறினார்கள். சில தூதரகங்களில் பாஸ்போர்ட்டுகள் பூட்டிய அறைக்குள் கிடந்தன. அமெரிக்கத் தூதரகம் தன்னிடமிருந்தவற்றை, வேறு யார் கையிலும் சிக்கக்கூடாது என்று அழித்துவிட்டது. எல்லை வரை போய்விட்டுக் கையில் பாஸ்போர்ட் இல்லாமல் நின்றவர்களின் நிலையை நினைத்துப் பாருங்கள். பதற்றமுள்ள நாட்டில் இருந்துகொண்டு இன்னொரு நாட்டு விசாவுக்குப் பாஸ்போர்ட்டைக் கொடுப்பதைத் தள்ளிப்போடுவதே நல்லது.

வளைகுடாவில் வேலை செய்கிற நம் ஆட்களுக்கு இது தினசரிப் பிரச்சினை. பாஸ்போர்ட்டைக் கஃபீல், அதாவது விசாவுக்குப் பொறுப்பேற்ற முதலாளி, வாங்கி வைத்துக்கொள்வது அங்கே சட்டப்படி தவறு. ஆனாலும் நடக்கிறது, வீட்டு வேலை செய்கிற பெண்களுக்கு அதிகமாகவே நடக்கிறது. சண்டை வந்து முதலாளி வேறு நாட்டுக்குப் போய்விட்டால் பாஸ்போர்ட் அவர் வீட்டு அலமாரியில். இந்த நிலையில் தூதரகம் அவசரச் சான்றிதழ் ஒன்று தரும். அதை வைத்து ஊர் திரும்பலாம், ஒருவழிப் பயணம் மட்டும். அதைத் தருவதற்கு முன் நீங்கள் இந்தியர்தான் என்று சரிபார்க்க வேண்டும். பாஸ்போர்ட்டின் முதல் பக்கமும் கடைசிப் பக்கமும், விசா அல்லது இக்காமா (தங்கும் அனுமதி அட்டை) நகலும் போனிலும் காகிதத்திலும் இருந்தால் ஒரு மணி நேரத்தில் முடிகிற சரிபார்ப்பு, இல்லாவிட்டால் நாள் கணக்கில் இழுக்கும். அதே நகல்கள் ஊரில் மனைவியிடமோ தம்பியிடமோ இருக்கட்டும்.

காகிதத்தின் அருமை பிறகும் தெரியும். குவைத் போருக்குப் பின் ஐக்கிய நாடுகள் சபை ஒரு இழப்பீட்டு ஆணையம் அமைத்தது. 1990 ஆகஸ்ட் 2க்கும் 1991 மார்ச் 2க்கும் இடையே குவைத்தையோ இராக்கையோ விட்டு வெளியேற நேர்ந்த தனிநபர்களுக்கு 2,500 டாலர், குடும்பத்துக்கு 5,000 டாலர் என்ற அளவில் இழப்பீடு கொடுத்தது. அதற்கு விண்ணப்பிக்க அங்கே இருந்ததற்கும் வெளியேறியதற்கும் ஆதாரம் வேண்டியிருந்தது. பழைய டிக்கெட்டும் சம்பளச் சீட்டும் அங்கே பணமாகின.

பணமும் போனும்

2022 மார்ச் முதல் வாரத்தில் விசா, மாஸ்டர்கார்டு நிறுவனங்கள் ரஷ்யாவில் சேவையை நிறுத்துவதாக அறிவித்தன. சில நாட்களில் வெளிநாட்டு வங்கி கொடுத்த அந்த நிறுவனங்களின் அட்டை எதுவும் அங்கே வேலை செய்யவில்லை. ஈரானில் அவை தடைகளால் எப்போதுமே செல்லாது. 2025 ஜூன் போரின்போது அங்கே ஒரு பெரிய அரசு வங்கி இணையத் தாக்குதலில் முடங்கியது. அடுத்த நாளிலிருந்து இணையமும் ஏறக்குறைய முழுவதுமாகத் துண்டிக்கப்பட்டது. ஆக்கிரமித்த குவைத்தில் இராக் செய்தது இன்னும் கொடூரம். பல மடங்கு மதிப்புள்ள குவைத் தினாரை இராக் தினாருக்குச் சமம் என்று அறிவித்து, பிறகு அதைச் செல்லாக்காசாக்கியது. ஆயுள் சேமிப்பு அப்படிப் போனவர்கள் ஏராளம்.

ஆகவே கொஞ்சம் டாலர், சிறிய நோட்டுகளாக. பதினைந்து நாள் சாப்பாட்டுக்கும் எல்லை வரை போகும் வண்டிக்கும் போதுமான அளவு. முக்கியமான எண்களும் தூதரக முகவரியும் ஒரு தாளில் எழுதியிருக்கட்டும், ஏனென்றால் போன் அணைந்தால் அதிலிருக்கும் எண்களும் அதோடு போய்விடும். வரைபடத்தை இணையம் இல்லாமலும் திறக்கும்படி இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

காப்பீட்டைப் பற்றிச் சுருக்கமாக. சாதாரணப் பயணக் காப்பீட்டில் போரால் வரும் இழப்பு பெரும்பாலும் விலக்கப்பட்டிருக்கும். எச்சரிக்கை வெளியான பிறகு வாங்கினால் அது 'முன்பே தெரிந்த நிகழ்வு' ஆகிவிடும். போகாதே என்று தன் அரசு சொன்ன நாட்டுக்குப் போகும் பிரிட்டிஷ் குடிமகனின் காப்பீடு செல்லாமலே போகலாம்; லண்டன் தமிழர்கள் கவனிக்க வேண்டியது இது. வாங்கும்போது விலக்குகள் இருக்கும் பக்கத்தைப் படியுங்கள். விமானத்தையே ரத்து செய்துவிட்டால் பணம் திரும்பவோ மாற்று விமானமோ கேட்கும் உரிமை உண்டு. போர் போன்ற காரணத்துக்கு இழப்பீடு கிடைக்காது. ஐரோப்பாவிலிருந்து புறப்படும் பயணம் என்றால், காரணம் எதுவானாலும் தங்கவும் சாப்பிடவும் நிறுவனம் ஏற்பாடு செய்ய வேண்டும்.

போனில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. 2022 ஜனவரி 17 அன்று அபுதாபி மீது ஏமனின் ஹூதி கிளர்ச்சிப் படையினர் நடத்திய தாக்குதலில் இரண்டு இந்தியர்களும் ஒரு பாகிஸ்தானியரும் இறந்தார்கள். அடுத்து வந்த ஏவுகணைகளை வானில் தடுத்து அழித்ததைப் படம்பிடித்துப் பகிர்ந்தவர்களை அமீரக அரசு வழக்கறிஞர் அலுவலகம் விசாரணைக்கு அழைத்தது. மாடியில் நின்று வானத்தில் தெரிந்ததைப் பிடித்து வீட்டு வாட்ஸாப் குழுவில் போடுவது நமக்கு இயல்பான காரியம். அங்கே அது தேசப் பாதுகாப்புக் குற்றம். விமான நிலையம், துறைமுகம், பாலம், சோதனைச் சாவடி, ராணுவ வண்டி எதையும் எடுக்காதீர்கள், வந்ததைப் பகிராதீர்கள்.

பிடித்து வைத்துவிட்டால், 1963ஆம் ஆண்டின் வியன்னா தூதரக உறவு ஒப்பந்தத்தின் 36ஆம் பிரிவு துணைக்கு வரும். கைதான வெளிநாட்டவர் கேட்டால் அவருடைய தூதரகத்துக்குத் தாமதமின்றித் தெரிவிக்க வேண்டும். கேட்க வேண்டும் என்பதுதான் முக்கியம். புரியாத மொழியில் எழுதிய எதிலும் கையெழுத்துப் போடாமல், 'என் தூதரகத்திடம் பேச வேண்டும்' என்று திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். இரட்டைக் குடியுரிமை உள்ளவர்களுக்கு இதில் ஒரு பள்ளம் உண்டு. கனடா பாஸ்போர்ட்டும் இலங்கைக் குடியுரிமையும் உள்ள ஒருவர் இலங்கையில் கைதானால், கனடாவால் அதிகம் செய்ய முடியாமல் போகலாம். அங்கே அவர் இலங்கையர்.

பட்டியலில் இல்லாதவர்கள்

ஒவ்வொரு மீட்புப் பணியும் ஒரு பட்டியலில் தொடங்குகிறது. எத்தனை பேர், எந்த ஊரில், என்ன எண். மாணவர்களைக் கண்டுபிடிப்பது எளிது. பல்கலைக்கழகத்திடம் கணக்கு இருக்கும். பதிவு பெற்ற ஏஜென்ட் மூலம், அரசின் இ-மைகிரேட் தளம் வழியாகப் போன தொழிலாளியின் விவரமும் அரசிடம் இருக்கும். விசிட் விசாவில் போய் வேலையில் ஒட்டிக்கொண்டவர் எந்தக் கணக்கிலும் இல்லை. இலங்கையிலும் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதியாமல் போனவரின் நிலை இதுதான்.

ஈரானின் தென்கரையில் மீன்பிடிக்கும் கன்னியாகுமரி, தூத்துக்குடி மாவட்ட மீனவர்களைப் பற்றி எனக்கு எப்போதும் கவலை. தலைநகரிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல், சின்னத் துறைமுகங்களிலும் தீவுகளிலும், படகு முதலாளியை நம்பி இருக்கிறார்கள். 2020இல் கொரோனாவால் விமானங்கள் நின்றபோது அவர்கள் மாதக்கணக்கில் படகிலேயே காத்திருந்தார்கள். பிறகு ஐஎன்எஸ் ஜலஷ்வா போர்க்கப்பல் பந்தர் அப்பாஸிலிருந்து 687 பேரை ஏற்றிக்கொண்டு ஜூலை 1 அன்று தூத்துக்குடி வந்தது. அதற்கு முன் ஊரில் மீனவர் அமைப்புகளும் குடும்பங்களும் பெயர் பெயராக எழுதி அரசிடம் கொடுக்க வேண்டியிருந்தது.

போகிற நாட்டில் இறங்கிய வாரமே இந்தியத் தூதரகத்தின் இணையத்தளத்தில் பெயரையும் உள்ளூர் எண்ணையும் பதிந்துவிடுங்கள். ஊர் மாறினால் அதையும் மாற்றுங்கள். புகார் சொல்ல இந்திய வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' இணையத்தளம் இருக்கிறது. தமிழ்நாட்டில் அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வுத் துறை ஆணையரகம் இதற்காகவே இருக்கிறது. சண்டை மூண்ட நாளில் குடும்பத்தார் அங்கேயோ மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலோ போய் நின்றால், முதலில் கேட்பது இவைதான்: பாஸ்போர்ட் எண் என்ன, எந்த ஊரில் எந்தத் தெருவில் தங்கியிருக்கிறார், முதலாளி அல்லது கம்பெனியின் பெயர் என்ன, அவர் போன் எண் என்ன, கூட யார் இருக்கிறார்கள், கடைசியாக எப்போது பேசினார். 'துபாய்ப் பக்கம் ஏதோ ஊர்' என்றால் யாராலும் தேட முடியாது. வெளிநாடு போகிறவர் கிளம்பும் முன் இவற்றில் முதல் ஐந்து விவரங்களையும் ஒரு தாளில் எழுதி, பாஸ்போர்ட் நகலோடு சேர்த்து, வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் கையில் கொடுத்துவிட்டுப் போகட்டும். வேலையோ அறையோ மாறும்போதெல்லாம் அந்தத் தாளையும் மாற்றச் சொல்லட்டும்.